பெல்கிரேட் வார இதழ்களின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

செர்பியாவின் அரசியல் வார இதழ்களை இன்று கையில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஒரு தமிழ் வார இதழில் இருபத்திரண்டு வருடம் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளிநாட்டுப் பக்கம் என் பொறுப்பு. 1990களின் கடைசியில், செர்பியா அப்போது சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவைப் பற்றி வாராவாரம் ஏதாவது எழுத வேண்டியிருந்தது. ஏஜென்சி செய்திகளில் குண்டு விழுந்த இடம், செத்தவர் எண்ணிக்கை, தலைவர்களின் அறிக்கை, இவ்வளவுதான் வரும். அப்போதுதான் வ்ரேமே என்ற பெல்கிரேட் வார இதழ் தன் கட்டுரைகளை ஆங்கிலத்தில் சுருக்கி வெளியிடுவது கண்ணில் பட்டது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, பிரிண்ட் எடுத்து, பஸ்ஸில் படித்துக்கொண்டே வீட்டுக்குப் போவேன். தன் நாட்டு அரசு போர் நடத்திக்கொண்டிருக்கும்போது அதே தலைநகரில் உட்கார்ந்து அந்தப் போரைத் தப்பு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அன்று தொற்றிய பழக்கம் விடவில்லை. இப்போது மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு நீன், வ்ரேமே, ராடார் என்ற மூன்று பெல்கிரேட் வார இதழ்களையும் முடிந்த அளவு படிக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். ஆசிரியர் குழுவின் சம்மதம் இல்லாமல் ஆசிரியரை மாற்ற மாட்டோம், அச்சுக்குப் போகிற பக்கத்தில் கை வைக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். அதை இதழிலேயே, வாசகர் கண்ணில் படுகிற இடத்தில், ஒவ்வொரு வாரமும் அச்சிடுங்கள். இதைக் கேட்க எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் நினைக்கலாம். வாசகனுக்கு உள்ள உரிமைதான். இந்த வாக்குறுதி ஏன் தேவை என்பதற்கு உங்கள் ஊர்க் கதையையே எடுத்துச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதை உரிமையாளர்களின் கதையாக ஒருமுறை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

நீன் 1935 ஜனவரி 26-ல் பிறந்தது. இடதுசாரிச் சிந்தனை கொண்ட சில இளைஞர்களின் முயற்சி. அரசர் காலத்து யூகோஸ்லாவியா அதைத் தாங்கவில்லை. 26 இதழ்களோடு அதே ஆண்டில் தடை விழுந்தது. பதினாறு வருடம் கழித்து, 1951 ஜனவரியில், டிட்டோவின் ஆட்சியில் அது மறுபடி வந்தது. இந்த முறை அது பொலிட்டிகா என்ற பெரிய பத்திரிகை நிறுவனத்தின் வீட்டுப் பிள்ளை. தடை செய்யப்பட்ட இடதுசாரி இதழ், இடதுசாரிகளே ஆளும் நாட்டில் மரியாதையான இடத்தில் உட்கார்ந்தது. கட்சி போட்ட கோட்டுக்குள்தான் நடந்தது என்றாலும் அந்தக் கோட்டின் ஓரம் வரை போய்ப் பார்க்கிற குணம் அதற்கு இருந்தது. பண்பாட்டுப் பக்கங்களுக்கு அது கொடுத்த இடம் பெரியது. 1954 முதல் ஆண்டின் சிறந்த நாவலுக்கு அது கொடுக்கும் பரிசு இன்றும் செர்பிய மொழி எழுத்தாளர்களுக்குப் பெரிய கௌரவம். ஜனவரி வந்தால் யாருக்குக் கிடைக்கும் என்று நாடே பேசுகிறது. ஓர் அரசியல் வார இதழ் கொடுக்கும் நாவல் பரிசு இத்தனை வருடம் நிலைத்திருப்பது உலகத்தில் அதிகம் இல்லை.

அந்தப் பரிசின் பட்டியலைப் பார்த்தாலே இதழின் சாய்வு எப்படியெல்லாம் இழுபட்டது என்று தெரியும். முதல் பரிசு பெற்றவர் தோப்ரிட்சா சோசிச். அப்போது கட்சிக்காரர். பின்னால் கட்சியோடு முறித்துக்கொண்டு செர்பிய தேசியவாதத்தின் பெரிய குரலாகி, 1992-ல், மற்ற குடியரசுகள் பிரிந்து போய்ச் சுருங்கிப்போன யூகோஸ்லாவியாவின் ஜனாதிபதியாகவும் உட்கார்ந்தார். 1970களில் அதே பரிசை வாங்கிய தனிலோ கிஷ், சில வருடம் கழித்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தேசியவாதம் என்பது பயத்திலிருந்து வருகிறது என்று வெளிப்படையாக எழுதிய மனிதர் அவர். ஒரே பட்டியலில் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். நீன் இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில்தான் பல வருடம் ஆடிக்கொண்டிருந்தது.

சரி, 1987-க்கு வருகிறேன். அந்த ஆண்டு செப்டம்பரில் நடந்த செர்பியக் கம்யூனிஸ்ட் கட்சி மத்தியக் குழுவின் எட்டாவது அமர்வு பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் போர்க் காலம் முழுக்க ஆண்ட ஸ்லோபொதான் மிலோஷெவிச், தன்னை வளர்த்துவிட்ட இவான் ஸ்தாம்போலிச்சையே கட்சிக்குள் வீழ்த்திய இரண்டு நாள். அந்தச் சண்டையில் பொலிட்டிகா நிறுவனம் ஜெயிக்கப்போகிறவர் பக்கம் நின்றது. நீனின் ஆசிரியர் பொறுப்பும் கைமாறியது. அதற்கப்புறம் அந்த இதழில் வந்தவை, அப்போது செர்பியாவின் மாகாணமாக இருந்த கொசோவோ பற்றியும் யூகோஸ்லாவியாவின் மற்ற குடியரசுகள் பற்றியும் ஏறிக்கொண்டே போன குரல், அதெல்லாம் அதற்கு முன் முப்பத்தைந்து வருடம் சேர்த்த நல்ல பெயரின் மேல் ஏறி நின்று பேசியது. இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். புதிதாக ஒரு கட்சிப் பத்திரிகை ஆரம்பித்து அதையே எழுதியிருந்தால் இத்தனை பேர் நம்பியிருக்க மாட்டார்கள். அப்பா காலத்திலிருந்து வீட்டுக்கு வந்த இதழ் சொன்னதால் நம்பினார்கள். ஆட்சியில் இருந்தவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த நம்பிக்கைதான்.

அந்த அலையில் நீன், பொலிட்டிகா, வானொலி, தொலைக்காட்சி என்று பல இடங்களிலிருந்து ஓரம் கட்டப்பட்டவர்கள், தாங்களே விலகியவர்கள் சிலர் சேர்ந்து 1990 அக்டோபர் 29-ல் வ்ரேமே இதழைத் தொடங்கினார்கள். வ்ரேமே என்றால் காலம். பணம் போட்டவர் வக்கீல் ஸ்ர்ஜா போபோவிச். டிட்டோ காலத்தில் அதிருப்தியாளர்களுக்காக வாதாடியவர். 1976-ல், தான் யாருக்காக வாதாடினாரோ அவர் சொன்ன கருத்தை நீதிமன்றத்தில் ஆதரித்துப் பேசியதற்காக அவருக்கே தண்டனை விழுந்தது. இப்படிப்பட்ட ஒருவர் உரிமையாளராக இருந்தால் ஓர் இதழ் எப்படி இருக்கும் என்பதற்கு வ்ரேமே சாட்சி. மிலோஷ் வாசிச் ராணுவத்தைப் பற்றி எழுதினார். ஆயுதம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எந்தப் படைப்பிரிவு எந்த ஊரில் நிற்கிறது என்று பெயர் சொல்லி எழுதினார். ஸ்தோயன் செரோவிச் வாராவாரம் எழுதிய பத்தியை ஆங்கிலத்தில் படித்தபோதே எனக்கு வியர்க்கும். செர்பிய மொழியில் படித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

அந்த இதழ் எந்தச் சூழ்நிலையில் வந்தது என்பதை நினைவில் வைக்க என் மேசை டிராயரில் ஒரு நோட்டு இருக்கிறது. பழைய நாணயம் விற்கும் ஒருவரிடம் வாங்கியது. 1993-ல் அச்சான 50,000 கோடி தினார் நோட்டு. ஐந்துக்குப் பின்னால் பதினொரு சைபர். நோட்டில் ஒரு கவிஞரின் முகம் இருக்கிறது: யோவன் யோவனோவிச் ஸ்மாய். குழந்தைப் பாட்டெல்லாம் எழுதியவர். காகிதம் மெல்லிசு, விரலில் தேய்த்தால் அச்சு மை மங்கலாக இருப்பது தெரியும். 1994 ஜனவரியில் ஒரே மாதத்தில் விலைவாசி 31 கோடி சதவீதத்துக்கு மேல் ஏறியது. காலையில் வாங்கிய சம்பளம் சாயங்காலம் ரொட்டிக்குப் பற்றாது. அப்படிப்பட்ட மாதத்திலும் ஒருவர் காகிதம் தேடி, மை தேடி, அச்சகத்தைக் கெஞ்சிக் கேட்டு ஒரு வார இதழைக் கொண்டுவர வேண்டும். கடையில் அதற்கு என்ன விலை போடுவது? திங்கட்கிழமை போட்ட விலை வியாழக்கிழமை ஒன்றுமில்லாமல் போயிருக்கும். இதழ் நடத்தியவன் என்ற முறையில் அந்தக் கணக்கை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றும். ஆனாலும் வ்ரேமே வந்தது.

அவர்கள் குறையே இல்லாதவர்கள் என்று நான் சொல்லவில்லை. மிலோஷெவிச் விழுந்து இரண்டு வருடம் கழித்து, 2002-ல், வ்ரேமேயின் பக்கங்களிலேயே ஒரு பெரிய சண்டை நடந்தது. போரை எதிர்த்து ஒன்றாக நின்றவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். போர்க் குற்றங்களைச் செர்பியச் சமூகம் முழுசாக முகம் பார்த்து ஏற்க வேண்டும், இதழ் அதை மழுப்புகிறது என்று மனித உரிமைக்காரர்களான சோன்யா பிசெர்கோவும் நதாஷா காந்திச்சும் குற்றம் சாட்டினார்கள். இதழைத் தொடங்கிய போபோவிச்சே தன் இதழின் போக்கை விமர்சித்தார். ஆசிரியர் குழு பதில் எழுதியது. மாதக்கணக்கில் ஓடியது. நான் இதில் யார் பக்கம் என்று கேட்டால், பெரும்பாலும் போபோவிச் பக்கம்தான். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஸ்தாபகரே எதிர்த்து எழுதினார், அதையும் அந்த இதழே அச்சிட்டது. அவர் யாரையும் வேலையை விட்டுத் தூக்கவில்லை. மற்றவர்களைப் போல வரிசையில் நின்று கட்டுரை எழுதினார்.

தெயான் அனஸ்தாசியெவிச்சையும் சொல்ல வேண்டும். வ்ரேமேயின் செய்தியாளர். 2002-ல் ஹேக் போர்க்குற்ற நீதிமன்றத்தில் மிலோஷெவிச்சுக்கு எதிரில் நின்று சாட்சி சொன்ன செர்பியப் பத்திரிகையாளர். 2007 ஏப்ரலில் ஒரு நாள் அதிகாலை, அவரும் மனைவியும் படுத்திருந்த அறையின் ஜன்னல் மேடையில் கையெறி குண்டு வெடித்தது. பக்கத்தில் இன்னொரு குண்டும் இருந்தது, அது வெடிக்கவில்லை. அதனால் உயிர் தப்பினார்கள். 1995-ல் போஸ்னியாவில் நடந்த ஸ்ரெப்ரெனிட்சா படுகொலையில் கைதிகளைச் சுட்டுக்கொன்ற ஸ்கார்பியன்கள் என்ற செர்பியத் துணை ராணுவப் படையினருக்குத் தீர்ப்பு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தண்டனை போதாது என்று அவர் சொல்லியிருந்தார். அப்போது மிலோஷெவிச் உயிரோடுகூட இல்லை.

இனி உங்களில் யாரும் மறக்கக்கூடாத உரிமையாளர். ஸ்லாவ்கோ சுருவியா. ஆரம்பத்தில் அதிகாரத்தோடு பேச்சு வைத்திருந்தவர்தான், மிலோஷெவிச்சின் மனைவி மிரா மார்கோவிச்சோடு உட்கார்ந்து பேசுகிற அளவுக்கு. தினசரி ஒன்றும், எவ்ரோப்லியானின் என்ற செய்தி இதழும் நடத்தினார். 1998 அக்டோபரில் அந்த இதழில் அவரும் பத்திரிகையாளர் அலெக்ஸாண்டர் தியானிச்சும் சேர்ந்து மிலோஷெவிச்சுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார்கள். அடுத்தது என்ன என்று கேட்கும் தலைப்பு. நாட்டை எங்கே கொண்டுபோய் விட்டாய் என்று நேருக்கு நேர் கேட்ட மடல். நான் இந்தக் கடிதத்தை மடலாக எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த நாள் புதிய தகவல் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் கீழ் 24 மணி நேரத்துக்குள் விசாரணை நடத்தித் தீர்ப்பு சொல்லலாம். முதல் வழக்கே எவ்ரோப்லியானின் மேல். 24 லட்சம் தினார் அபராதம். அவர் அச்சு வேலையை மொண்டெனேக்ரோவுக்கு மாற்றிப் பார்த்தார். 1999 மார்ச்சில் நேட்டோ குண்டு போட ஆரம்பித்தது. ஏப்ரல் 6-ல், பொலிட்டிகா நிறுவனத்தின் மாலைப் பத்திரிகை, சுருவியா குண்டுகளை வரவேற்கிறார் என்று எழுதியது. அரசுத் தொலைக்காட்சியிலும் அது வாசிக்கப்பட்டது. ஏப்ரல் 11, அவர்கள் ஊர் ஈஸ்டர். ஸ்வெதோகோர்ஸ்கா தெருவில் அவர் குடியிருந்த கட்டட வாசலில், கூட வந்த பெண்ணின் கண் முன்னாலேயே, பின்னாலிருந்து சுட்டுக் கொன்றார்கள்.

அந்த மாலைப் பத்திரிகை யார் வீட்டிலிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். ஒரு காலத்தில் நீனையும் வளர்த்த வீடு.

கொலை வழக்கில் ரகசியப் போலீஸின் முன்னாள் தலைவர் உட்பட நான்கு பேருக்கு 2019-ல் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் ரத்து. 2021-ல் மறுபடி தண்டனை. மறுபடி மேல்முறையீடு. நான்கு பேரும் விடுதலை என்ற தீர்ப்பு 2024 பிப்ரவரியில் வெளியே தெரிந்தது. அன்று அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்து வருடம்.

நான் வேலை பார்த்த இடத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஊருக்கு உபதேசம் செய்கிறவனாகப் போய்விடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. அட்டைப்படக் கட்டுரை முடிந்து, பிளேட் போட்டு, மெஷினில் ஏற்றத் தயாராக இருந்தது. பதினொன்றரை மணிக்கு உரிமையாளரிடமிருந்து போன். ஆசிரியர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. போனை வைத்துவிட்டு, "கவரை மாத்துங்கப்பா" என்று மட்டும் சொன்னார். ஒரு நடிகையின் படம் அட்டைக்குப் போனது. நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. அட்டைக் கட்டுரையை எழுதிய பெண் செய்தியாளர் மறுநாள் வந்து மேசையைக் காலி செய்துகொண்டு போனார். அடுத்த ஒரு வருடத்தில் நல்லவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் ராஜினாமாக் கடிதத்தில் காரணம் எழுதவில்லை. இதழ் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கடைக்காரர் எங்கள் இதழ்க் கட்டைத் தொங்கவிடும் இடம் மாறிக்கொண்டே போய்க் கடைசியில் பின் கம்பிக்குப் போய்விட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். இந்த மடலில் கொஞ்சம் அதுவும் இருக்கிறது.

நீனுக்கு வருகிறேன். மிலோஷெவிச் காலத்தின் பிற்பாதியிலேயே அது ஆட்சியை விமர்சிக்க ஆரம்பித்துவிட்டது. மிதமான தேசிய உணர்வு, ஆனால் ஆளும் கூட்டத்துக்குத் துதி பாடாத குரல். 2009-ல் சுவிட்சர்லாந்தின் ரிங்கியர் நிறுவனம் வாங்கியது. வெளிநாட்டு முதலாளி வந்தால் என்ன ஆகுமோ என்று நானும் பயந்தேன். ஆனால் மிலான் சூலிப்ர்க் ஆசிரியராக இருந்த வருடங்களில் இதழ் நிமிர்ந்து நின்றது.

2016-ல் அதைக் கண்ணால் பார்த்தோம். ஏப்ரல் 24-ம் தேதி தேர்தல் முடிந்த ராத்திரி, சாவமாலா பகுதியில் முகமூடி போட்ட ஆட்கள் புல்டோசரோடு வந்து கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். ஆற்றங்கரையில் பெரிய கட்டுமானத் திட்டம் வர இருந்த இடம். பயந்துபோய்ப் போலீஸுக்குப் போன் செய்தவர்களுக்கு உதவி வரவில்லை. நீன் அட்டையில் உள்துறை அமைச்சர் நெபோய்ஷா ஸ்டெஃபானோவிச்சின் படத்தைப் போட்டு, சாவமாலாவின் தலைமை மாயாவி என்று தலைப்புக் கொடுத்தது. அமைச்சர் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றம் மின்னல் வேகத்தில் 3 லட்சம் தினார் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை, நீன் ஜெயித்தது. புல்டோசரை யார் அனுப்பியது என்ற கேள்வியை விட அட்டைப்படத்தின் மேல் போட்ட வழக்கு எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்று பாருங்கள். அன்று உரிமையாளர் ஆசிரியரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள் என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அப்புறம் 2024. ரிங்கியர் நீனைக் கைவிட்டது. ரிங்கியரின் செர்பியக் கிளைக்கு முன்பு தலைமை வகித்தவரின் கைக்கு இதழ் போனது. சூலிப்ர்க்கும் குழுவில் பெரும்பாலானவர்களும் வெளியேறி, மார்ச் மாதம் ராடார் என்ற புது வார இதழைக் கொண்டுவந்தார்கள். யுனைடெட் மீடியா வெளியிட்டது. 1990-ல் நடந்ததே இன்னொரு முறை நடந்தது. வெளியேறியவர்கள் புது இதழ் தொடங்கினார்கள், பழைய பெயர் பழைய இடத்திலேயே இருந்தது. நீனை வாங்கியவர் அதை எப்படி நடத்துவார் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்ல நான் யார்? புதுக் குழுவில் இருக்கும் இளைஞர்களும் நேர்மையாக உழைக்கிறவர்களாகவே இருக்கலாம். அவர்களுக்காகவும்தான் இந்த வாக்குறுதியைக் கேட்கிறேன்.

ராடாரின் உரிமையாளர்களே, உங்களிடம் இதை இன்னும் அழுத்திக் கேட்கிறேன். உங்கள் யுனைடெட் குழுமத்தின் பெரும்பங்கு லண்டனில் இருக்கும் பிசி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. முதலீட்டு நிறுவனம் வாங்கும், விற்கும். அதுதான் அதன் தொழில், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் 2025 ஆகஸ்ட்டில் புலனாய்வுச் செய்தியாளர்கள் வெளியிட்ட ஒலிப்பதிவை உங்கள் வாசகர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தலைவரும் உங்கள் குழுமத்தின் தலைவரும் பேசிக்கொள்கிறார்கள். உங்கள் ஊடகப் பிரிவின் தலைவியை எப்படி வலுவிழக்கச் செய்வது என்பது பேச்சு. அதற்கு முந்தைய நவம்பரில் நோவி சாத் ரயில் நிலையத்தின் கூரை விழுந்து 16 பேர் இறந்து, மாணவர்கள் மாதக்கணக்கில் தெருவில் நின்றுகொண்டிருந்த காலம் அது. அந்த மாணவர்கள் சொல்வதை அப்படியே எழுத நாட்டில் எஞ்சியிருந்த சில இடங்களில் உங்கள் இதழும் ஒன்று. அந்தப் பதிவைக் கேட்ட பிறகு ராடாரில் வேலை செய்கிற ஒருவர் ராத்திரி போன் அடிக்கும்போது என்ன நினைப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒரு பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் ஆசிரியர் குழுவின் பெரும்பான்மை வேண்டும் என்று ஒரு வரி. விளம்பரம் தருகிறவரோ அமைச்சரோ உரிமையாளரிடம் பேசினால் அது ஆசிரியருக்குத் தெரிவிக்கப்படும் என்று ஒரு வரி. கீழே உங்கள் கையெழுத்து. இதழை விற்றால் வாங்குகிறவரும் இதே கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. வக்கீல்களுக்கு ஒரு மதிய வேலை.

நீன் உரிமையாளருக்கு மட்டும் இன்னொரு வேண்டுகோள். 2035 ஜனவரி 26-ல் உங்கள் இதழுக்கு நூறு வயது. சிறப்பிதழ் நிச்சயம் வரும். தடை செய்யப்பட்ட அந்த முதல் 26 இதழ்களைப் பெருமையோடு எடுத்துப் போடுவீர்கள், போட வேண்டும். அதோடு 1987 கடைசியிலிருந்து வந்த இதழ்களின் பக்கங்களையும் போடுங்கள், யார் எழுதியது என்ற பெயரோடு, வெட்டாமல், ஒட்டாமல். அந்த வருடங்களில் வெளியே போனவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவர்களைக் கூப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். 2024-ல் போனவர்களையும் கூப்பிடுங்கள். அந்த இதழை வாங்க நான் இருந்தால் என் பணத்தில் தபால் செலவு கட்டி வரவழைப்பேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓர் உதவி ஆசிரியர்,
உங்கள் வாசகர்